ஒலிம்பிக்கை அழைக்கும் முன்: அகமதாபாதின் முன்னுள்ள வழிகள்

2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச்சபை, 2030ஆம் ஆண்டுக் காமன்வெல்த் போட்டிகளை நடத்தும் உரிமையை அகமதாபாதுக்கு வழங்கியது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2024 அக்டோபர் 1 அன்று, 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்திய ஒலிம்பிக் சங்கம் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருந்தது. அதற்கும் அகமதாபாதே முன்னிறுத்தப்பட்டு வருகிறது. முதலாவது முடிவாகிவிட்டது. இரண்டாவது, அளவிலும் செலவிலும் முதலாவதைவிடப் பல மடங்கு பெரியது. அதில் எந்த வழியில் இறங்குவது, இறங்கத்தான் வேண்டுமா என்பதைச் சீர்தூக்கிப் பார்க்க இன்னும் காலம் இருக்கிறது.

இந்த விவாதம் பெரும்பாலும் இரண்டு ஊர்ப் பெயர்களோடு நின்றுவிடுகிறது. ஆதரிப்பவர்கள் 1992இன் பார்சிலோனாவைக் காட்டுகிறார்கள்; எதிர்ப்பவர்கள் 2004இன் ஏதென்ஸைக் காட்டுகிறார்கள். இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். ஒரே போட்டியை நடத்திய இரண்டு நகரங்கள் இப்படி எதிரெதிர் முடிவுகளைக் கண்டிருப்பதால், ‘நன்மையா தீமையா’ என்று பொதுவாகக் கேட்பதில் பயன் குறைவு. கட்டப்படும் ஒவ்வொன்றையும் முன்னே வைத்து, இந்தப் போட்டி வராவிட்டாலும் இந்த நகரம் இதைக் கட்டியிருக்குமா என்று கேட்பதே சரியான சோதனை என்று நான் கருதுகிறேன். ஆம் என்றால், தேவைப்பட்ட ஒரு வேலையைப் போட்டி சில ஆண்டுகள் முன்னதாக முடித்துத் தந்திருக்கிறது. இல்லை என்றால், அந்தக் கட்டடத்தின் முழு விலையையும், அதைக் காலமெல்லாம் பராமரிக்கும் செலவையும், இரண்டு வார நிகழ்ச்சியின் பேரில்தான் எழுத வேண்டும். ஒரு கல்யாணத்துக்காக மண்டபத்தையே கட்டும் குடும்பத்தின் நிலைமைதான் அப்போது நகரத்தின் நிலைமை.

வழிகளை ஒப்பிடும் முன், கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒலிம்பிக்கின் தொலைக்காட்சி உரிமையை விற்பது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி. அதில் ஒரு பங்கையே அது உள்ளூர் ஏற்பாட்டுக் குழுவுக்குத் தருகிறது. டிக்கெட் வருவாயும் உள்நாட்டு விளம்பரதாரர் பணமும் ஏற்பாட்டுக் குழுவுக்கு வருகின்றன. அரங்கங்கள், சாலைகள், காவல், போக்குவரத்து ஆகியவற்றின் செலவில் பெரும்பகுதி அரசின் தலையில் விழுகிறது. ‘போட்டி லாபத்தில் முடிந்தது’ என்று செய்தி வரும்போது அது அநேகமாக ஏற்பாட்டுக் குழுவின் கணக்கு மட்டுமே. 2024இல் பாரிஸ் ஏற்பாட்டுக் குழு உபரி காட்டியது. அதே போட்டிக்குப் பொதுப்பணம் 600 கோடி யூரோவுக்கு மேல் செலவானதாகப் பிரெஞ்சுத் தணிக்கை மன்றம் கணக்கிட்டது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் குடிமக்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது கணக்கை.

அடுத்தது, செலவு மீறும் பழக்கம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1960 முதல் நடந்த ஒலிம்பிக் போட்டிகளை எடுத்துப் பார்த்தபோது, கணக்குக் கிடைத்த ஒவ்வொன்றும் முதல் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் சராசரி மீறல் 172 சதவீதம். அணைகளும் பாலங்களும்கூட மதிப்பீட்டைத் தாண்டுவதுண்டு. ஆனால் எப்போதுமே தாண்டுவதில்லை. ஒலிம்பிக்கில் மட்டும் இது விதிவிலக்கில்லாமல் நடப்பதற்குக் காரணம் கெடு. ஒரு மேம்பாலம் தாமதமானால் திறப்பு விழாவைத் தள்ளிப்போடலாம், டெண்டரை ரத்து செய்து மறுபடி விடலாம், தரம் சரியில்லையென்றால் இடித்துக் கட்டச் சொல்லலாம். தொடக்க விழாவின் தேதி உலகுக்கு அறிவிக்கப்பட்ட பிறகு இவற்றில் எதுவும் முடியாது. தேதியும் நகராது, அளவும் குறையாது என்றால், வளைந்து கொடுக்கக்கூடியது பணம் ஒன்றுதான். ஒப்பந்ததாரர் இதை நன்றாக அறிவார்; கடைசி ஆறு மாதத்தில் அவர் கேட்டதைக் கொடுப்பதைத் தவிர அரசுக்கு வேறு வழி இருப்பதில்லை. 1976இல் மான்ட்ரியல் இப்படித்தான் மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது. அந்தக் கடனை அடைத்து முடிக்க 2006 வரை, முப்பது ஆண்டுகள் ஆயின.

முதல் வழி, எல்லாவற்றையும் புதிதாகவும் பெரிதாகவும் கட்டி நாட்டின் வலிமையைக் காட்டுவது. இந்தியாவுக்கு இது வெளியூர்க் கதை அன்று. 2010 அக்டோபர் 3 முதல் 14 வரை டெல்லியில் நடந்த காமன்வெல்த் போட்டிகள் இந்த வழியில்தான் நடந்தன; அகமதாபாதுக்கு மிக நெருக்கமான பாடமும் அதுவே என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

டெல்லிக்கு உரிமை கிடைத்தது 2003 நவம்பரில். ஏழு ஆண்டுகள் இருந்தன. முதல் மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய வீணாயின என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. பின்னர் தன் அறிக்கையில் எழுதியது, வீணான காலத்தை ஈடுகட்ட, ‘அவசரம்’ என்ற காரணத்தைக் காட்டி வழக்கமான டெண்டர் முறைகள் தாண்டப்பட்டன. மொத்தச் செலவு 18,532 கோடி ரூபாய் என்று 2011 ஆகஸ்டில் வந்த அந்த அறிக்கை கணக்கிட்டது. போட்டி தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில், செப்டம்பர் 21 அன்று, ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கின் அருகே கட்டப்பட்டுக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து விழுந்து தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். யமுனைக் கரையில் வீரர்கள் தங்குவதற்கான அடுக்குமாடிகளைக் கட்ட வந்த தனியார் நிறுவனம் பணநெருக்கடியில் சிக்கியபோது, டெல்லி வளர்ச்சி ஆணையம் அங்கே வீடுகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு பல நூறு கோடி ரூபாய் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. கெடு நெருங்கியிருக்கும்போது அரசுக்கு வேறென்ன செய்ய முடியும்?

இந்த அவசரத்தின் சுமை யார்மேல் இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். சேரிகள் அகற்றப்பட்டன, பல்லாயிரக்கணக்கானோர் நகரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். தொழிலாளர்களின் நிலைமையைப் பார்க்க டெல்லி உயர் நீதிமன்றமே ஒரு குழுவை அமைக்க வேண்டியிருந்தது. பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட பணத்தில் பல நூறு கோடி ரூபாய் போட்டி தொடர்பான வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. அது தவறு என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசே ஒப்புக்கொண்டது. நகரத்துக்கு லாபமா நட்டமா என்று கேட்கும்போது, ‘நகரம்’ என்ற சொல்லுக்குள் இந்த மக்களும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

டெல்லி ஒன்றுமே பெறவில்லை என்று சொல்ல முடியாது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் வேகம் பெற்றது. விமான நிலையத்தின் மூன்றாம் முனையம் 2010 ஜூலையில் திறக்கப்பட்டது. துக்ளகாபாதிலுள்ள துப்பாக்கி சுடும் தளம் இன்றும் உலகக் கோப்பைப் போட்டிகள் நடக்கும் இடமாக இருக்கிறது. இந்தியா 38 தங்கம் உட்பட 101 பதக்கங்கள் வென்றது. ஆனால் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். மெட்ரோவும் விமான முனையமும் போட்டி வராவிட்டாலும் வந்திருக்க வேண்டியவை, வந்தும் இருக்கும். போட்டிக்காகவே செலவிட்டவற்றின் கதி வேறு. 1982 ஆசியப் போட்டிக்காகக் கட்டப்பட்டு, 2010க்காக 961 கோடி ரூபாயில் புதுப்பிக்கப்பட்ட நேரு விளையாட்டரங்கை இடித்துவிட்டு, 102 ஏக்கரில் ‘விளையாட்டு நகரம்’ எழுப்பும் யோசனையை 2025 நவம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் முன்வைத்தது. பதினைந்தே ஆண்டுகள்.

இன்னொரு சிறிய நிகழ்ச்சி இதைவிட எனக்கு உறுத்தலாக இருக்கிறது. 2010 போட்டிக்காகக் கட்டப்பட்ட தியாகராஜ் விளையாட்டரங்கில், ஓர் உயரதிகாரி தம் நாயுடன் நடை பழகுவதற்காக, பயிற்சியில் இருந்த விளையாட்டு வீரர்கள் மாலை ஏழு மணிவாக்கில் வெளியேற்றப்படுவதாக 2022 மே மாதம் செய்தி வந்தது. செய்தி வெளியான நாளே, தன் பொறுப்பிலுள்ள எல்லா விளையாட்டரங்குகளையும் இரவு பத்து மணி வரை திறந்துவைக்க டெல்லி அரசு உத்தரவிட்டது. அதாவது, பல கோடி ரூபாயில் கட்டப்பட்ட அரங்கம் மாலையில் எத்தனை மணிக்குப் பூட்டப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க நகரத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளும் ஒரு நாளிதழ்ச் செய்தியும் தேவைப்பட்டன. கட்டும்போது ஆயிரம் கோடிகளைப் பற்றிப் பேசுகிறோம். கட்டிய பிறகு சாவி யாரிடம், மின்கட்டணம் யார் பேரில், வெளியூரிலிருந்து வரும் பதினாறு வயதுப் பெண் உயரம் தாண்டிப் பழக யாரிடம் அனுமதி கேட்பது என்பதைப் பற்றி எந்தத் திட்ட அறிக்கையிலும் ஒரு பத்திகூட இருப்பதில்லை.

இரண்டாவது வழி, நகரம் தனக்கு வேண்டியதை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, போட்டியை அதற்கு ஒரு சாக்காகப் பயன்படுத்துவது. பார்சிலோனாவைப் பற்றிச் சொல்லப்படும் புகழுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த ‘முன்பே’தான். அந்நகருக்கு 1976லேயே பெருநகரத் திட்டம் இருந்தது. சுற்றுச்சாலைகள் நெடுங்காலம் காகிதத்தில் கிடந்தன. கடலோரத்தில் ரயில் பாதைகளும் மூடிய ஆலைகளும் நகரத்தைக் கடலிலிருந்து பிரித்துவைத்திருந்தன. 1986இல் ஒலிம்பிக் கிடைத்தபோது மேயர் பாஸ்குவால் மரகால் தலைமையிலான நகராட்சி அந்தப் பழைய திட்டங்களை எடுத்து, ஆறு ஆண்டுக் கெடுவுக்குள் முடித்தது. செலவின் பெரும்பகுதி விளையாட்டுக்குப் போகவில்லை. சாலைக்கும் கழிவுநீருக்கும் கடற்கரைக்கும் வீடுகளுக்கும் போயிற்று. முதன்மை அரங்கம்கூடப் புதியதில்லை. 1929இல் மோன்ஜுயிக் மலைமேல் கட்டிய பழைய அரங்கத்தையே உள்ளே புதுப்பித்துக்கொண்டார்கள். வீரர் குடியிருப்பு போப்லெனோ என்ற ஆலைப் பகுதியில் எழுந்து, பின்னர் மக்கள் வாழும் இடமாயிற்று.

பார்சிலோனாவின் வெற்றி முழுவதையும் ஒலிம்பிக்கின் கணக்கில் வரவு வைக்கவும் முடியாது. ஸ்பெயின் 1986இல் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தது. நீண்ட சர்வாதிகாரம் முடிந்து நாடே புது மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம் அது. வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. சுற்றுலாப் பயணிகள் பெருகிப் பெருகி, உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை வீடு கிடைக்காத நிலை வந்து, 2028க்குள் பத்தாயிரம் சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024இல் அந்நகர மேயர் அறிவித்தார். ஆயினும், நான் மேலே சொன்ன சோதனையில் மிக நன்றாகத் தேறும் நகரம் பார்சிலோனாதான். ஏதென்ஸ் அதில் பாதிதான் தேறுகிறது. அதன் மெட்ரோவும் 2001இல் திறந்த விமான நிலையமும் இன்றும் மக்களுக்குப் பயன்படுகின்றன. ஆனால் பழைய ஹெலினிகான் விமான நிலையத்தில் கட்டப்பட்ட சாஃப்ட்பால் திடலும் படகோட்டத் தடமும் பாழடைந்தன. கிரேக்கத்தில் சாஃப்ட்பால் ஆடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கட்டும்போது யாரேனும் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, இருப்பதை வைத்துக்கொண்டு நடத்துவது. இதில் முன்னோடி 1984இன் லாஸ் ஏஞ்சலிஸ். மான்ட்ரியலின் கடனைப் பார்த்து மற்ற நகரங்கள் அஞ்சி ஒதுங்கியதால், 1984க்குக் களத்தில் கடைசியாக நின்றது அந்த ஒரு நகரம்தான். நகர வாக்காளர்களோ 1978இல் ஓட்டுப் போட்டு, ஒலிம்பிக்குக்கு நகராட்சியின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடை போட்டுவிட்டார்கள். நட்டத்துக்கு நகரம் உத்தரவாதம் தர வேண்டும் என்ற வழக்கமான நிபந்தனையை ஒலிம்பிக் கமிட்டி விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. 1923இல் திறக்கப்பட்ட கொலீசியம் அரங்கம், பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் வீரர்கள், விளம்பரதாரர்களின் பணத்தில் கட்டிய நீச்சல் குளம் என்று நடத்தி முடித்து, 23 கோடி டாலருக்கு மேல் உபரி கண்டார்கள். அதில் ஒரு பங்கு இன்றும் தென் கலிபோர்னியாவில் சிறுவர் விளையாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையில் சிக்கனத்தைவிட முக்கியமானது பேரம். கேட்பவர்கள் பலர் இருந்தால் கமிட்டி நிபந்தனை விதிக்கும். ஒருவரே இருந்தால் நகரம் விதிக்கும். இந்தியா இன்று ஒலிம்பிக்குக்காகக் காட்டும் ஆர்வமும், வேறு சில நாடுகள் காட்டும் ஆர்வமும் சேர்ந்து, பேரத்தில் நகரத்தின் கையைத் தாழ்த்துகின்றன என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏலத்தில் யார் மிக அதிகமாகக் கொடுக்கத் துணிகிறாரோ அவருக்கே பொருள் கிடைக்கும். அவர் கொடுத்தது பெரும்பாலும் பொருளின் மதிப்புக்கு மேலாகத்தான் இருக்கும்.

பாரிஸ் இதே வழியில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது. அரங்கங்களில் 95 சதவீதம் ஏற்கெனவே இருந்தவை அல்லது தற்காலிகமானவை. நிரந்தரமாகக் கட்டிய முக்கிய அரங்கமான நீச்சல் வளாகமும், நகரின் ஏழ்மையான வடபுறத்திலுள்ள சேன்-சேன்-தெனி பகுதிக்குத் தரப்பட்டது. ஹேண்ட்பால் ஆட்டங்களின் ஒரு பகுதியை லீல் நகருக்கும், பாய்மரப் படகுப் போட்டியை மார்செய்க்கும், அலைச்சறுக்குப் போட்டியை கடல் கடந்து தஹிதித் தீவுக்கும் அனுப்பிவிட்டார்கள். சேன் ஆற்றைச் சுத்தப்படுத்த 140 கோடி யூரோ போயிற்று. அதைப் பலர் அப்போது கண்டித்தார்கள். ஆனால் 1923இல் தடை செய்யப்பட்ட ஆற்றுக் குளியல் 2025 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு நதியைச் சுத்தம் செய்ய ஒரு நகரத்துக்கு ஒலிம்பிக் தேவைப்பட்டது வருத்தத்துக்குரியது. எனினும் அந்தச் செலவு வீணில்லை.

2026 காமன்வெல்த்துக்கு கிளாஸ்கோ வகுத்த திட்டம் இந்த வழியின் எல்லை. பத்தே விளையாட்டுகள், 2014இல் பயன்பட்ட அரங்கங்கள் உட்பட நான்கே இடங்கள், வீரர்களுக்கென்று தனிக் குடியிருப்புக் கட்டடம் கிடையாது. நகரத்தின் பணப்பை தப்பியது. ஆனால் ஹாக்கி, பேட்மின்டன், மல்யுத்தம், டேபிள் டென்னிஸ், ஸ்குவாஷ், துப்பாக்கி சுடுதல், கிரிக்கெட் எல்லாம் வெட்டப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை இந்தியா பதக்கம் வெல்லும் விளையாட்டுகள். சிக்கனத்துக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள். இங்கே கொடுத்தவர்கள் நான்கு ஆண்டுகள் உழைத்துக் காத்திருந்த வீரர்கள்.

சுற்றுலா வருவாய் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2012 ஆகஸ்டில், ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோதே, பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிடக் குறைவாக இருந்தது. கூட்டத்துக்கும் விலையேற்றத்துக்கும் பயந்து வழக்கமாக வருகிறவர்கள் வரவில்லை. லண்டனின் நடுப்பகுதியில் கடைக்காரர்களும் டாக்சி ஓட்டுநர்களும் வியாபாரம் படுத்துவிட்டது என்று குறைப்பட்டார்கள். ஏற்கெனவே பயணிகள் நிறைந்திருக்கும் நகரத்துக்கு இதனால் கூடுதல் வருவாய் என்பது ஏறக்குறைய இல்லை என்றே கொள்ளலாம்.

நான்காவது வழி, வேண்டாம் என்று சொல்வது. 1976 குளிர்கால ஒலிம்பிக் டென்வர் நகருக்குக் கிடைத்திருந்தது. 1972இல் கொலராடோ மாநில மக்கள் அதற்குப் பணம் ஒதுக்கக் கூடாது என்று வாக்களித்ததால் போட்டி இன்ஸ்புருக் நகருக்குப் போயிற்று. டென்வருக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் மறுப்பதற்கும் காலம் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், பின்னர் கிளாஸ்கோவுக்குப் போன 2026 காமன்வெல்த்தை 260 கோடி ஆஸ்திரேலிய டாலரில் நடத்திவிடலாம் என்று ஒப்புக்கொண்டு, 2023 ஜூலையில் செலவு 600 கோடியைத் தாண்டும் என்று கண்டு விலகியது. விலகியதற்கு 38 கோடி டாலர் இழப்பீடு. நடக்காத போட்டிக்கு மொத்தத்தில் 58.9 கோடிக்கும் மேல் செலவானதாக மாநிலத் தணிக்கையாளர் கணக்கிட்டார். கையெழுத்திட்ட பிறகு யோசிப்பதன் விலை இது. இலங்கையின் அம்பாந்தோட்டை 2018 காமன்வெல்த்துக்கு விண்ணப்பித்து 2011இல் கோல்ட் கோஸ்டிடம் தோற்றது. 2011 உலகக் கோப்பைக்காக அதே மாவட்டத்தின் சூரியவெவயில் கட்டிய 35,000 இருக்கை கிரிக்கெட் அரங்கம் பெரும்பாலான நாட்களில் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்க்கும்போது, அந்தத் தோல்வி அந்த ஊருக்கு நேர்ந்த நல்ல காரியம் என்றுதான் தோன்றுகிறது.

ஐந்தாவதாக ஒரு வழி இருக்கிறது. பெரிய விளையாட்டு விழாக்களைத் தேடாமல், ஒரே விளையாட்டின் உலகப் போட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நடத்துவது. சென்னை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அறிந்தோ அறியாமலோ இந்த வழியில்தான் நடந்துவருகிறது. 1995 டிசம்பரில் இங்கே நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டி உலக அளவில் சிறியது. அதையொட்டி நகரத்துக்குக் கிடைத்த நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் சென்னை ஓப்பன் நடந்தது. பின்னர் அது புனேவுக்குப் போனாலும், பெண்களுக்கான உலகத் தரப் போட்டி 2022இலும் 2025இலும் அதே அரங்குக்குத் திரும்பியது. வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் விடியற்காலையில் போய்ப் பார்த்தால், பள்ளிப் பையோடு வந்து இறங்கும் பிள்ளைகளும், படிக்கட்டில் துண்டும் டிபன் டப்பாவுமாகக் காத்திருக்கும் தாய்மார்களும், கரையில் நின்று விசில் ஊதும் பயிற்சியாளர்களுமாக இருப்பார்கள். 1995 போட்டியின் பதக்கப் பட்டியல் எல்லோருக்கும் மறந்துவிட்டது. குளத்துக்கு வேலை இருக்கிறது.

2022 செஸ் ஒலிம்பியாட் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. உக்ரைன் போரினால் ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்ட அந்தப் போட்டியைச் சில மாத அவகாசத்தில், ஏறத்தாழ 92 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஓர் ஓட்டலின் அரங்குகளில் தமிழ்நாடு நடத்திக் காட்டியது. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளில் தங்கினார்கள். நகரம் இடிபடவில்லை, யாரும் குடிபெயர்க்கப்படவில்லை. முதல் பலகையில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்ற குகேஷ், இரண்டரை ஆண்டுகளுக்குள் உலகச் சாம்பியனானார். போட்டியை நடத்தியதால்தான் குகேஷ் சாம்பியன் ஆனார் என்று சொல்வது அபத்தம். பல பத்தாண்டுகளாகச் சென்னையில் வேரூன்றியிருந்த செஸ் பயிற்சிதான் போட்டியையும் குகேஷையும் தந்தது. ஏற்கெனவே உயிரோடிருக்கும் விளையாட்டுக்குப் போட்டியைக் கொண்டுவந்தால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதே இதன் பொருள். 2025 இளையோர் ஹாக்கி உலகக் கோப்பையின்போது எழும்பூரோடு மதுரைக்கும் ஆட்டங்களைப் பிரித்துக் கொடுத்தது இதே திசையில் ஒரு நல்ல அடி.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். செஸ் ஒலிம்பியாடுக்காக யாரும் மெட்ரோ கட்ட மாட்டார்கள். நகரத்தின் அடிப்படை வசதிகளை முன்னே இழுக்கும் வலிமை சிறிய போட்டிகளுக்குக் கிடையாது; சுற்றுச்சாலையும் கழிவுநீர்க் குழாயும் தேக்கமடைந்து கிடக்கும் நகரத்துக்கு பார்சிலோனா வழி தரக்கூடியதை இது தராது.

இவற்றோடு வைத்துப் பார்த்தால் அகமதாபாத் எங்கே நிற்கிறது? கையிருப்பு மோசமில்லை. 1,32,000 பேர் அமரும் மொடேரா அரங்கம் இருக்கிறது. நாரண்புராவில் ஏறத்தாழ 825 கோடி ரூபாயில் கட்டிய விளையாட்டு வளாகம் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டு, உடனேயே ஆசிய நீச்சல் போட்டியை நடத்தியது. மொடேராவிலிருந்து காந்திநகர் வரை மெட்ரோ ஓடுகிறது. ஆனால் மொடேரா கிரிக்கெட்டுக்காகக் கட்டப்பட்டது, அதில் தடகள ஓடுதளம் இல்லை. ஒலிம்பிக்குக்கு வரும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைத் தங்கவைக்க இடம் வேண்டும். இந்த இரண்டிலும்தான் நகரம் டெல்லியின் வழிக்குச் சறுக்கும் ஆபத்து இருக்கிறது.

தடகளத்துக்கு எண்பதாயிரம் இருக்கையில் நிரந்தர அரங்கம் கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. லண்டன் அப்படிக் கட்டி, போட்டி முடிந்தபின் கால்பந்துக்கு ஏற்றதாக மாற்ற 32 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தது. பதினைந்தாயிரம் இருக்கையுள்ள பயிற்சி அரங்கமும், மேலே கழற்றி எடுக்கக்கூடிய இருக்கைகளும் போதும். 2028இல் லாஸ் ஏஞ்சலிஸ், கிரிக்கெட்டையே பொமோனா பொருட்காட்சித் திடலில் தற்காலிக அரங்கத்தில் நடத்தத் திட்டமிட்டிருக்கிறது. ஹாக்கியை புவனேஸ்வருக்கும் ரூர்கேலாவுக்கும், துப்பாக்கி சுடுதலை டெல்லிக்கும், ஸ்குவாஷை சென்னைக்கும் அனுப்பினால் அகமதாபாத் கட்ட வேண்டியவற்றின் பட்டியல் கணிசமாகச் சுருங்கும். மார்செய்க்கும் தஹிதிக்கும் அனுப்பியதால் பாரிஸின் பெருமை குன்றிவிடவில்லை.

வீரர் குடியிருப்பு விஷயத்தில் பார்சிலோனாவை அப்படியே பின்பற்றலாம். ஏனெனில் இரண்டும் ஆலை நகரங்கள். போப்லெனோவைக் கட்டலோனியாவின் மான்செஸ்டர் என்றார்கள், அகமதாபாதை இந்தியாவின் மான்செஸ்டர் என்றார்கள். 1980களிலிருந்து துணி ஆலைகள் மூடப்பட்டு, கோம்திபூர், ராகியால், பாபுநகர் என்று நகரின் கிழக்குப் பகுதி வேலையும் வசதியும் இழந்து நிற்கிறது. குடியிருப்பை அங்கே எழுப்பி, போட்டி முடிந்தபின் நியாய வாடகை வீடுகளாக்கினால், போட்டி வராவிட்டாலும் நகரம் செய்திருக்க வேண்டிய வேலை அது. மாறாக, ஏற்கெனவே செழித்துள்ள மேற்குப் பகுதியில், மொடேராவைச் சுற்றியே எல்லாவற்றையும் குவித்தால், நிலத்தின் விலை ஏறும். பலன் நிலம் வைத்திருப்பவர்களுக்குப் போகும். சபர்மதி ஆற்றங்கரையை அழகுபடுத்தியபோது, குடிசைகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வட்வா போன்ற ஓரப் பகுதிகளுக்கு மாற்றப்பட்டார்கள். வேலைக்கு வரப் பேருந்துக் கட்டணத்துக்கே கூலியில் ஒரு பகுதி போய்விடும் தூரம் அது. அது திரும்ப நடக்கக் கூடாது.

ஆகவே, பிரித்துக் கொடுத்து, இருப்பதை வைத்து நடத்தும் மூன்றாவது வழியும், கிழக்கு அகமதாபாதுக்காக மட்டும் இரண்டாவது வழியும் சேர்ந்தால் 2036 கேட்கத் தகுந்தது. அதற்குக் குறைவாக எதுவும் என்றால், சென்னையைப் போல ஒற்றை விளையாட்டுப் போட்டிகளோடு நிறுத்திக்கொள்வதே அந்த நகரத்துக்கு நல்லது. எந்தப் பாதையில் நகரம் போகப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிய ஒரு வழி இருக்கிறது. டெல்லியில் தணிக்கை அறிக்கை வந்தது போட்டி முடிந்து பத்து மாதம் கழித்து, பணமெல்லாம் போன பிறகு. 2030க்கான வேலைகளில் அப்படி இல்லாமல், டெண்டர் விடும்போதே சி.ஏ.ஜி. உடனுக்குடன் தணிக்கை செய்து, ஆண்டுதோறும் அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு அரங்கத்துக்கும் பராமரிப்புச் செலவும் பொறுப்பாளரும் பயிற்சி நேரமும் அந்த அறிக்கையில் இருக்க வேண்டும். அவற்றில் முதல் இரண்டு அறிக்கைகளாவது வெளிவரும் வரை, 2036க்கான நட்ட உத்தரவாதத்தில் குஜராத் அரசும் மத்திய அரசும் கையெழுத்திடக் கூடாது.